மேஸ்திரி இழுத்த கோடு

ஒடுகத்தூர் பக்கம் புது வீடு கட்டுகிறவரிடம் பேச்சுக் கொடுத்தால், சீக்கிரமே ‘எலிவேஷன்’ பக்கம் வந்துவிடுவார். முகப்புக்கு என்ன டைல்ஸ், என்ன பெயிண்ட், லேசரில் வெட்டிய தகட்டில் என்ன டிசைன். வீடு எடுப்பாகத் தெரிய வேண்டும் என்ற ஆசையில் ஒரு தப்பும் இல்லை. கைப்பிடிச் சுவரின் மேல் கஜலட்சுமியைச் சுதையில் அமர்த்திய செட்டிநாட்டு வீட்டுக்காரருக்கும் அதே ஆசைதான்.

ஆனால் பழைய அலங்காரத்துக்கு இன்னொரு வேலையும் இருந்தது. மாடி விளிம்பில் வரிவரியாக ஓடும் பட்டையைக் கிட்டப் போய்ப் பாருங்கள். தகட்டில் வளைவுகளை வெட்டி, மரக்கட்டையில் அறைந்து, ஈரச் சாந்தின் மேல் மேஸ்திரி ஒரே சீராக இழுத்தது அது. சுவரைவிட நாலு விரல் வெளியே நீட்டியிருக்கும். அடியில், விளிம்பை ஒட்டி ஒரு பள்ளக் கோடு. ஐப்பசி மழையில் மேலிருந்து வழியும் தண்ணீர் அந்தக் கோட்டைத் தாண்டாது, அங்கேயே சொட்டிவிடும். சுவர் பாழாகாது. வேலூர் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில் வளைந்து இறங்கும் கல் கூரை விளிம்பான கொடுங்கையும் அழகோடு சேர்த்து இதைத்தான் செய்கிறது.

அலங்காரமே வீண் செலவு, வீண் உழைப்பு என்று 1910 வாக்கில் வாதாடியவர் வியன்னாவின் கட்டடக் கலைஞர் அடால்ஃப் லூஸ். ‘அலங்காரமும் குற்றமும்’ என்ற அவருடைய கட்டுரையில், ஆம்பூர் ஷூ தொழிலாளிகள் படிக்க வேண்டிய ஓர் இடம் உண்டு. தன் ஷூ முழுக்கப் பல்வெட்டும் துளைகளும்தான் என்கிறார். கூடுதல் கூலி கொடுத்து மொட்டையாகச் செய்யச் சொல்லலாம், ஆனால் அது செய்கிறவரின் சந்தோஷத்தைப் பறிப்பதாகும் என்று விட்டுவிடுகிறார். (அந்தத் துளைகளே, சதுப்பில் நடக்கையில் தண்ணீர் வடியப் போட்டவை என்பார்கள்.)

இன்றைய முகப்பில் எனக்கு வருத்தம் தருவது, செய்கிறவரின் சந்தோஷம், சுவரைக் காக்கும் வேலை, இந்த இரண்டும் போனதுதான். தட்டையாக ஒட்டிய பலகைக்கு மேஸ்திரியின் கைத்திறன் தேவையில்லை. நீட்டல் இல்லாததால் வேலூர் வெயில் நேராகச் சுவரில் அறைகிறது, கைப்பிடிச் சுவரிலிருந்து கறுப்புத் தாரைகள் இறங்குகின்றன. பிறகு மறுபடி பெயிண்ட் செலவு.

டைல்ஸுக்குக் கொடுக்கிற பணத்தில் ஒரு பங்கை மேஸ்திரியின் நாள் கூலிக்கு ஒதுக்குங்கள். சன்ஷேடுக்கும் மாடி விளிம்புக்கும் பட்டை இழுத்துத் தரச் சொல்லுங்கள். அடியில் வரும் பள்ளக் கோட்டைப் பூசும்போதே போட்டுவிட வேண்டும். சாந்து இறுகிய பிறகு கட்டர் வைத்து அறுத்தால் விளிம்பு பெயர்ந்து வந்துவிடும்.