அரிசிப் பானையும் செக்ரோலும்



வீட்டில் சாப்பாடு குறைந்தால் "சாமான் விலை ஏறிப் போச்சு" என்கிறோம். அது உண்மைதான். ஆனால் லயங்களில் விசாரிக்கும்போது வேறு காரணங்களும் நமக்குத் தெரிகின்றன: விழாத பேர், விளங்காத கழிவு, கைக்கு வராத சேவைக்காலப் பணம். பானை காலியாவது பல நேரம் செக்ரோலில்தான் தொடங்குகிறது.

இது புதிய கதையல்ல. 1973, 1974இல் அரிசியும் மாவும் விலை ஏறின. அரசாங்கம் பங்கீட்டைக் குறைத்தது. தோட்டங்களில் வேலை நாட்களும் குறைந்தன. வயல் இல்லாத நமக்குச் சம்பளத்தை விட்டால் வேறு வழி இருக்கவில்லை. பட்டினியால் பலர் செத்தார்கள். பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

2022 செப்டம்பரில் கொழும்பு விலைக் கணக்கின்படி, முந்திய வருடம் 100 ரூபாவுக்கு வாங்கிய உணவுக்கு ஏறக்குறைய 195 ரூபா தேவைப்பட்டது. நம்முடைய நாட்சம்பளமோ 2021 மார்ச்சில் நிர்ணயித்த 1000 ரூபாவிலேயே 2024 வரை நின்றது.

அரைப்பேர்

திம்புள்ளையில் ஜனவரி முதல் மார்ச் வரை வறண்ட காற்று. தேயிலை மணம் கூடும், கொழுந்து குறையும். சொன்ன கிலோ வராவிட்டால் அரைப்பேர். 2024 செப்டம்பர் வர்த்தமானியில் வந்த 1350 ரூபா அடிப்படைச் சம்பளத்தை வைத்துப் பார்ப்போம். ஒரு அரைப்பேருக்கு 675 ரூபா போகிறது. மாதத்தில் ஐந்து என்றால் 3375 ரூபா. அந்தக் காசுக்குத்தான் கடையில் கடன் எழுதுகிறோம், தோட்டை அடகு வைக்கிறோம்.

சேமலாப நிதி

உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம் கழிகிறது. நிர்வாகம் அதோடு 12 சதவீதம் கட்ட வேண்டும். நம்பிக்கை நிதிக்கு (ஈ.டி.எப்.) வேறாக 3 சதவீதம். 20 பேருக்கு 27,000 ரூபா சம்பளமென்றால் சேமலாப நிதிக்கு மட்டும் மாதம் 5400 ரூபா போய்ச் சேர வேண்டும். செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர் என்று இருந்தால், வயதான காலத்தில் அந்தக் காசு இழுபடும். வேலையில் இருக்கும்போதே திருத்திக் கொள்ளுங்கள்.

சேவைக்காலப் பணம்

1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, ஐந்து வருடம் முடித்த நாட்கூலித் தொழிலாளிக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம் உண்டு. 25 வருடத்துக்கு, 1350 ரூபாப்படி, 4,72,500 ரூபா. வேலை விட்டு 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். அது தாமதித்தால் ஓய்வு பெற்ற தாயும் மகனின் பானையில்தான் சாப்பிட வேண்டும். பேரப்பிள்ளைகளின் பங்கு குறைகிறது.

தாயும் பிள்ளையும்

பிரசவ லீவு 84 நாள். 2018இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு மூன்றாவது பிள்ளைக்கும் அதே அளவு உண்டு. கையில் காசில்லை என்று பச்சை உடம்போடு மலைக்கு ஏறாதீர்கள். திரிபோஷா பற்றிக் குடும்ப நல மாதுவிடம் கேளுங்கள். அதைத் தாயும் குழந்தையும் சாப்பிட வேண்டும், வீடு முழுக்கப் பங்கு போடக் கூடாது.

என்ன செய்யலாம்?

1. ஒவ்வொரு நாளும் எத்தனை கிலோ, முழுப்பேரா அரைப்பேரா என்று பிள்ளையின் பழைய கொப்பியில் எழுதி வையுங்கள்.

2. சம்பளத் துண்டோடு ஒப்பிடுங்கள். விளங்காத கழிவை ஒப்பீசில் மரியாதையாகக் கேளுங்கள். கேட்பது குற்றமில்லை.

3. பதில் கிடைக்காவிட்டால் தலைவர் மூலமாகவோ நேராகவோ தொழில் திணைக்களக் காரியாலயத்தில் எழுத்தில் முறையிடுங்கள். ஒரு பிரதியை வைத்துக் கொள்ளுங்கள்.

4. 2023இல் சமுர்த்திக்குப் பதிலாக வந்த அஸ்வெசும உதவி பற்றிக் கிராம சேவகரிடமும் பிரதேச செயலகத்திலும் கேளுங்கள். தோட்டச் சம்பளம் வருகிறது என்று நீங்களாகவே ஒதுங்கிக் கொள்ளாதீர்கள்.

வாசிக்கத் தெரியாதவர்கள் கூச்சப்பட வேண்டாம். சம்பளத் துண்டைக் கொண்டு வாருங்கள், உட்கார்ந்து சேர்ந்தே கணக்குப் பார்ப்போம்.