படிக்க மறுக்கும் பிளாப்பி

பழைய கணினியில் பிளாப்பி படிக்கவில்லை என்பதற்காக அதிலுள்ள தகவல் அழிந்துவிட்டதாக முடிவுகட்டக் கூடாது. கோளாறு தட்டில் இருக்கலாம், டிரைவில் இருக்கலாம், தட்டு எழுதப்பட்ட முறையே அந்தக் கணினிக்குப் பழக்கமில்லாததாகவும் இருக்கலாம். எது என்று தெரியும்வரை கணினி அதில் ஒரு பைட்கூட எழுதிவிடக் கூடாது. மூன்றரை அங்குல பிளாப்பியின் மூலையிலுள்ள சிறு பிளாஸ்டிக் துண்டை நகர்த்தித் துளையைத் திறந்துவைத்தால் எழுதுவது தடைபடும். ஐந்தேகால் அங்குலத்தில் இது நேர்மாறு: விளிம்பிலுள்ள வெட்டை ஒட்டுத்தாளால் மூட வேண்டும்.

இந்த முன்னெச்சரிக்கை மிகையன்று. பூட்டப்படாத பிளாப்பியைச் சும்மா திறந்து பார்த்தாலே விண்டோஸ் 95 அதன் முதல் செக்டாரில் தனக்கென ஓர் அடையாளத்தை எழுதிவைக்கும். சாதாரண டாஸ் பிளாப்பிக்கு அதனால் பாதகமில்லை. அதே இடத்தில் வேறு தகவலை வைத்திருக்கும் பிளாப்பிக்கு அதுவே கேடாகும். ‘ஃபார்மட் செய்யப்படவில்லை, இப்போது செய்யவா?’ என்ற கேள்வி இன்னும் ஆபத்தானது. முதல் செக்டார் புரியாதபோதும் விண்டோஸ் இதையேதான் கேட்கிறது. எப்போதும் ‘வேண்டாம்’ என்பதே சரியான பதில்.

டாஸ் காட்டும் பிழைச் செய்திகளைப் பிரித்துப் படிப்பது பயன் தரும். ‘நாட் ரெடி’ என்றால் பிளாப்பி சரியாக உட்காரவில்லை அல்லது டிரைவ் இயங்கவில்லை. ‘செக்டார் நாட் ஃபவுண்ட்’ என்றால் செக்டாரின் முகவரியே அகப்படவில்லை. ‘டேட்டா எரர்’ என்றால் செக்டார் கிடைத்தது, சரிபார்ப்பு எண் ஒத்துவரவில்லை. இந்தக் கடைசி வகையில் ‘ரீட்ரை’ கொடுத்துக்கொண்டே இருப்பது வீண்வேலை அல்ல. தட்டைப் படிக்கும் ஹெட் ஒவ்வொரு முறையும் சற்றே வேறு இடத்தில் நிற்பதால், பல முறை மறுத்த செக்டார் திடீரென்று படிக்கக் கிடைக்கலாம்.

டிரைவ் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் கேபிள் தலைகீழாகச் செருகப்பட்டிருக்கும். பிளாப்பியை மாற்றிய பிறகும் முந்தையதன் கோப்புப் பட்டியலே தெரிந்தால், தட்டு மாறியதைச் சொல்லும் 34ஆம் கம்பியின் குறிப்பு கணினிக்குப் போய்ச் சேரவில்லை. அந்த நிலையில் எதையாவது சேமித்தால் பழைய தட்டின் அட்டவணை புதிய தட்டின்மேல் எழுதப்பட்டு, நல்ல பிளாப்பியும் பாழாகும்.

1.44 எம்பி பிளாப்பியில் பக்கத்துக்கு 80 டிராக், டிராக்குக்கு 18 செக்டார், செக்டாருக்கு 512 பைட். அடுத்தடுத்த டிராக்குகளுக்கு இடையே 0.19 மில்லிமீட்டர்தான். ஹெட் சற்று விலகிய டிரைவ், தான் எழுதியதைத் தானே தடையின்றிப் படிக்கும். பிறர் எழுதியதைப் படிக்காது. எனவே இன்னொரு டிரைவில் போட்டுப் பார்ப்பதைவிடச் சிறந்த சோதனை வேறில்லை.

அதற்கு முன் உலோக மூடியை விலக்கி, நடு வட்டை விரலால் சுழற்றித் தட்டைப் பார்க்க வேண்டும். வெண்புள்ளிகள் தெரிந்தால் பூஞ்சை. வளையமாகக் கீறல் இருந்தால் காந்தப் பூச்சே உரிந்திருக்கிறது. பூஞ்சைத் தட்டு ஹெட்டை அழுக்காக்கும், அந்த அழுக்கு அடுத்த நல்ல தட்டையும் சுரண்டும். ஹெட்டை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சுக் குச்சியால் மெல்லத் துடைக்கலாம். மேல் ஹெட்டைத் தூக்கி வளைத்துவிடக் கூடாது.

தட்டும் டிரைவும் நன்றாக இருந்தும் படிக்காவிட்டால், எழுதிய முறையைச் சந்தேகிக்க வேண்டும். 1.44 எம்பி தட்டைப் பழைய டிரைவ் ஒன்று 720 கேபி முறையில் எழுதியிருந்தால், புதிய டிரைவ் அதன் இரண்டாவது துளையைப் பார்த்து ஏமாந்துபோகும். துளையை ஒட்டுத்தாளால் மூடினால் போதும், படித்துவிடும். மெக்கின்டோஷின் 800 கேபி பிளாப்பி அப்படி வசப்படாது. அந்த டிரைவ் டிராக்குக்கு ஏற்பச் சுழலும் வேகத்தை மாற்றியது. பிசி டிரைவோ நிமிடத்துக்கு 300 சுற்று என்ற ஒரே வேகத்தில் ஓடுகிறது. அமிகாவின் 880 கேபி பிளாப்பியையும் சாதாரண பிசி புரிந்துகொள்ளாது. இவற்றுக்கு யூஎஸ்பி டிரைவ்களும் உதவாது.

இத்தகைய தட்டுகளுக்கு கிரீஸ்வீசல், கிரையோஃப்ளக்ஸ் போன்ற கருவிகள் கைகொடுக்கின்றன. சாதாரண டிரைவுடன் இணைந்து, தட்டின் காந்தத் திசைமாற்றங்களை அவை அப்படியே பதிவு செய்கின்றன. அது எந்த முறையில் எழுதப்பட்டது என்பதை மென்பொருள் பிறகு ஆராய்கிறது. டாஸ் பிளாப்பிக்கு இவ்வளவு தேவையில்லை. லினக்ஸின் டிடி-ரெஸ்க்யூ படிக்க முடிகிற செக்டார்களை முதலில் எடுத்துவிட்டு, அடம்பிடிப்பவற்றுக்குப் பின்னர் திரும்புகிறது. கோப்பு அட்டவணைக்குத் தட்டிலேயே இரண்டு பிரதிகள் உண்டு. ஒன்று கெட்டிருந்தாலும் மற்றதைக் கொண்டு கோப்புகளை மீட்கலாம். அந்த வேலையை, டிடி-ரெஸ்க்யூ எடுத்த நகலில்தான் செய்ய வேண்டும், பிளாப்பியில் அல்ல.