முதலில் வரும் நீர் வேண்டாம்!

உயரமான கட்டடம் எழுப்பும் முன் அங்குள்ள மண்ணைச் சோதிப்பார்கள் என்பது நமக்குத் தெரியும். மண்ணுக்கடியில் உள்ள நீரையும் சோதிக்கிறார்கள். ஏன்?

கட்டடத்தைத் தாங்கும் கான்கிரீட் தூண்கள் பல்லாண்டுகள் அந்த நீரில்தான் நிற்கப்போகின்றன. நீரில் சல்ஃபேட் மிகுந்திருந்தால், அது சிமெண்டுடன் வினைபுரிந்து புதிய படிகங்களை உருவாக்கும். அவை வளர வளர கான்கிரீட் விரிசல் விடும். கடலோர நிலத்தடி நீரில் உள்ள குளோரைடு உள்ளே ஊடுருவினால் இரும்புக் கம்பிகள் துருப்பிடிக்கும்.

நீரை எடுக்க, நிலத்தில் துளையிட்டு ஒரு குழாயை இறக்குவார்கள். அதன் கீழ்ப்பகுதியில் உள்ள மெல்லிய பிளவுகள் வழியே நிலத்தடி நீர் உள்ளே வரும். ஆனால், குழாயில் தேங்கி நிற்கும் நீர் காற்றுப்பட்டு மாறியிருக்கும். எனவே அதை முதலில் வெளியேற்ற வேண்டும்.

எவ்வளவு? குழாயில் உள்ள நீரைப்போல் மூன்று மடங்கு என்பது பரவலாகப் பின்பற்றப்படும் விதி. குழாயின் உள்விட்டம் 50 மில்லிமீட்டர், நீரின் உயரம் 4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உருளையின் கன அளவு வாய்பாட்டின்படி அதில் ஏறக்குறைய 8 லிட்டர் நீர் இருக்கும். ஆக, 24 லிட்டரை வெளியேற்ற வேண்டும். வெப்பநிலை, பிஎச், மின்கடத்துதிறன் ஆகிய அளவுகள் மாறாமல் நிலைத்த பிறகே மாதிரி எடுப்பார்கள். மாசு இருக்கலாம் எனச் சந்தேகித்தால், வெளியேற்றிய நீரைச் சாக்கடையில் விடாமல் பீப்பாயில் சேமிப்பார்கள்.

வேலை அதோடு முடிவதில்லை. தெளிவாக வந்த நீர், போத்தலில் சற்று நேரத்தில் செம்பழுப்பாக மாறக்கூடும். அதில் கரைந்திருந்த இரும்பு, காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து வண்டலாகப் படிவதே காரணம். நீரில் ஆர்செனிக் இருந்தால் அதுவும் வண்டலில் ஒட்டிக்கொள்ளும். பிறகு மேலே உள்ள நீரை மட்டும் சோதித்தால், ஆபத்து உண்மையைவிடக் குறைவாகத் தெரியும்! இதைத் தடுக்க, உலோகங்களைச் சோதிக்க வேண்டிய நீரை அங்கேயே வடிகட்டி, சிறிது நைட்ரிக் அமிலம் சேர்ப்பார்கள்.

முன்பு பெட்ரோல் நிலையம் இருந்த இடமென்றால் பென்சீன் போன்றவற்றையும் தேட வேண்டும். அவை எளிதில் ஆவியாகிவிடும். அதனால் சிறு கண்ணாடிக் குப்பியில், ஒரு காற்றுக்குமிழிகூட இல்லாதபடி நீரை நிரப்பி மூடுவார்கள். மாதிரிகளைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து விரைவாக ஆய்வுக்கூடத்திற்கு அனுப்புவார்கள்.

ஆய்வுக்கூடக் கருவி எவ்வளவு துல்லியமானதாக இருந்தாலும், போத்தலில் உள்ளதை மட்டுமே அது அளக்கும். மாதிரி தவறானால் முடிவும் தவறு. அதை நம்பித் தேர்ந்தெடுக்கும் சிமெண்டும் தவறாகலாம். மண்ணுக்குள் மறைந்த தூணைப் பிறகு சரிசெய்வது எளிதல்ல.