அட்டையில் அடங்கிய சாலைகள்

காரின் டேஷ்போர்டில் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வரும் வழிகாட்டிக் கருவி, கைப்பேசிச் செயலியைப் போல ஒவ்வொரு திருப்பத்துக்கும் இணையத்தை நாடுவதில்லை. ஒரு நாட்டின், சில வேளைகளில் ஒரு கண்டத்தின் சாலைகள் அனைத்தையும் தன்னிடமே சேமித்து வைத்துக்கொண்டு, கார் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை மட்டும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களிடமிருந்து அறிந்துகொள்கிறது. சிக்னல் எட்டாத மலைப்பாதையில் அது தடுமாறாமல் வழி சொல்வதற்கும், சில ஆண்டுகளிலேயே பழசாகிப் போவதற்கும் காரணம் ஒன்றுதான்: வெளியே சாலை மாறினாலும், உள்ளே இருக்கும் வரைபடத்தை யாராவது மாற்றினாலன்றி அது மாறாது.

இந்தச் சேமிப்பின் வடிவம் பலமுறை மாறியிருக்கிறது. 1981இல் ஜப்பானில் ஹோண்டா வெளியிட்ட கருவியில் ஒளி ஊடுருவும் வரைபடத் தாள்களை ஓட்டுநரே செருக வேண்டியிருந்தது. 1985இல் அமெரிக்காவின் ஈடாக் நிறுவனம் வரைபடங்களைக் கேசட்டில் தந்தது. 1990இல் ஜப்பானில் மாஸ்டாவின் யூனோஸ் காஸ்மோ ஜிபிஎஸ் வழிகாட்டியுடன் வந்தது. சிடி, டிவிடி, ஹார்டு டிஸ்க் என்று அந்த வரிசை நீண்டு, 1999இல் அறிமுகமான எஸ்டி கார்டு எனும் தபால்தலை அளவுள்ள நினைவக அட்டையிடம் வந்து சேர்ந்தது.

அட்டையில் இருப்பது படம் அன்று. சாலைகள் சந்திக்கும் ஒவ்வோர் இடமும் ஒரு முனையாகவும், இரு முனைகளுக்கு இடைப்பட்ட சாலைத் துண்டு ஓர் இணைப்பாகவும் அதில் பதிவாகியிருக்கும்; ஒவ்வோர் இணைப்புடனும் அதன் நீளம், அகலச் சாலையா சந்தா, ஒருவழிப் பாதையா, எந்தப் பக்கம் திரும்பத் தடை, வேக வரம்பு என்ன என்ற விவரங்கள் சேர்ந்திருக்கும். சேருமிடத்தை ஓட்டுநர் தேர்ந்தெடுத்ததும் கருவி செய்வது, இந்த இணைப்புகளில் எவற்றைக் கோத்தால் நேரமோ தூரமோ குறையும் என்ற கணக்குதான். கணக்கு எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும், பட்டியலில் இல்லாத மேம்பாலத்தின் மேல் அது காரை ஏற்றிவிட முடியாது.

புதிதாகத் திறந்த புறவழிச்சாலையில் செல்லும்போது இந்தக் குறை திரையில் கண்கூடாகத் தெரியும். காரைக் குறிக்கும் அம்பு, அருகில் உள்ள பழைய சாலையின் மீது சிறிது தூரம் பிடிவாதமாக ஒட்டிக்கொண்டு வந்து, பின்னர் கைவிட்டு, ஒரு கோடும் இல்லாத வெற்று வெளியில் வயலுக்குள் இறங்கியதுபோல நகரத் தொடங்கும்; திரும்பிச் செல்லுமாறு குரல் ஓயாமல் வற்புறுத்தும். செயற்கைக்கோள் தரும் இடக்குறிப்பில் எப்போதும் சில மீட்டர் பிழை இருப்பதால், காரை மிக நெருக்கமான சாலையின் மேல் பொருத்திக் காட்டுமாறு கருவி அமைக்கப்பட்டிருப்பதே அந்தப் பிடிவாதத்துக்குக் காரணம். இடங்களின் பெயர்ப்பட்டியலும் இவ்வாறே மூப்படைகிறது. சென்னையில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. அதற்கு முந்தைய வரைபடத்தை வைத்திருக்கும் கார், தென் மாவட்டப் பேருந்தைப் பிடிக்கப் போகிறவரை, அவை முன்பு புறப்பட்ட கோயம்பேட்டுக்கே அழைத்துச் செல்லும்.

அட்டை வழியாகப் புதுப்பிக்கும் முறை இரு வகைப்படும். ஒன்றில் அட்டை வெறும் சுமைதூக்கிதான்: கணினியில் பதிவிறக்கிய கோப்புகளை அதில் ஏற்றிக் காரில் செருகினால், கருவி அவற்றைத் தன் உள் நினைவகத்துக்கு மாற்றிக்கொள்ளும். ஹூண்டாய், கியா கார்கள் பலவற்றில் இதற்கெனத் தனி நிரல் தரப்படுகிறது. நிறுவி முடிக்க நெடுநேரம் பிடிக்கலாம் என்பதால் பேட்டரி இறங்காமலிருக்க இன்ஜினை ஓடவிடச் சொல்வார்கள்; கதவடைத்த ஷெட்டுக்குள் அவ்வாறு செய்வது கார்பன் மோனாக்சைடு நச்சால் உயிருக்கே ஆபத்தாகும் என்பதையும் அதே மூச்சில் சொல்லியாக வேண்டும்.

மற்றதில் அட்டையே வரைபடம். அதை எடுத்துவிட்டால் வழிகாட்டி வேலை செய்யாது. 2013 முதல் வந்த மாஸ்டா கனெக்ட் அமைப்பு இவ்வகையைச் சேர்ந்தது. இன்ஜினை அணைத்தபின் அட்டையை விரலால் லேசாக உள்ளே அழுத்தினால் அது துள்ளி வெளியே வரும். அதைக் கணினியில் செருகி, ஹங்கேரியின் என்என்ஜி நிறுவனத் தொழில்நுட்பத்தில் அமைந்த டூல்பாக்ஸ் நிரலைத் திறந்தால், அட்டையில் உள்ள பதிப்பை அது படித்தறிந்து, புதியது இருந்தால் பதிவிறக்கி, அதே அட்டையில் எழுதித் தருகிறது. தொடங்குமுன் பழையதற்கு ஒரு நகல் எடுத்து வைப்பது நல்லது. அட்டையின் விளிம்பில் உள்ள சிறு நகர்த்தி பூட்டுப் பக்கம் இருந்தால் கணினி எழுத மறுக்கும். பழுது என்று பலர் அலைவது பெரும்பாலும் இந்த நகர்த்தியால்தான்.

இந்த வகையில், கோப்புகளை வேறொரு அட்டைக்கு நகலெடுத்துக் காரில் போட்டால் பெரும்பாலும் பயன் இராது. ஒவ்வோர் எஸ்டி கார்டிலும் தயாரிப்பாளர் குறியீடும் வரிசை எண்ணும் அடங்கிய 128 பிட் அடையாளம் தொழிற்சாலையிலேயே பதிக்கப்படுகிறது. அது சாதாரணக் கோப்புகளுக்குள் இல்லாததால் நகலெடுக்கும்போது உடன் வருவதில்லை. உரிமம் அந்த அடையாளத்தோடு பிணைக்கப்பட்டிருப்பதால், அட்டை ஒரே நேரத்தில் பெட்டியாகவும் சாவியாகவும் இருக்கிறது. உரிமத்தைக் காப்பது வரைபட நிறுவனத்தின் நியாயம்தான். ஆனால் கடைக்குக் கடை கிடைக்கும் ஒரு பொருள் பழுதானதற்காக உரிமையாளர் முழு வரைபடத்துக்கும் மீண்டும் விலை கொடுக்க நேர்வதை நியாயம் என்று சொல்வது கடினம்.

சுமைதூக்கி வகையில் வேறு அட்டை வாங்கலாமென்றாலும், அதன் வடிவமைப்பைக் கவனிக்க வேண்டும். பழைய கருவிகள் பெரும்பாலும் ஃபேட்32 எனும் கோப்பு முறையையே அறியும். 64 ஜிபியும் அதற்கு மேற்பட்டதுமான அட்டைகளோ எக்ஸ்ஃபேட் எனும் பிந்தைய முறையில் விற்பனைக்கு வருகின்றன. நல்ல அட்டையே ஆனாலும் கார் அதைக் காலியாகவே கருதும். 32 ஜிபி அட்டை இந்தத் தொல்லையைத் தவிர்க்கும்.

இலவசப் புதுப்பிப்பு எத்தனை ஆண்டு என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. மாஸ்டாவின் மேற்சொன்ன அமைப்பில் அது மூன்றாண்டு. ஆகவே பழைய கார் வாங்குகிறவர், ஓட்டிப் பார்க்கும்போதே அட்டை அதன் செருகுவாயில் இருக்கிறதா, அமைப்புகள் பக்கத்தில் வரைபடத்தின் பதிப்பு எந்த ஆண்டைக் காட்டுகிறது என்பவற்றைப் பார்த்துவிடுவதும், முந்தைய உரிமையாளரின் டூல்பாக்ஸ் கணக்கிலிருந்து அந்தக் காரை நீக்கித் தரும்படி கேட்பதும் நல்லது. பணம் கைமாறிய பிறகு அட்டை வீட்டு அலமாரியில் இருப்பதாகச் சொல்லப்படும் பதிலை நம்பித் திரும்புவதைக் காட்டிலும் இது எளிது.