கலமென்சவ்வும் நீரின் போக்கும்

வயிற்றோட்டத்தினால் நலிந்த குழந்தைக்கு வெறும் நீரைப் பருகக் கொடுத்தல் போதாது. உப்புஞ் சீனியும் அளவறிந்து கலந்த நீரே அதனைத் தேற்றும். இஃது எதனால்? இவ்வினாவிற்குரிய விடை கலமென்சவ்வின் இயல்பிலே தங்கியுள்ளது.

உயிர்க்கலம் ஒவ்வொன்றையும் சூழ்ந்துள்ள இச்சவ்வின் தடிப்பு, ஒரு மில்லிமீற்றரின் இலட்சத்தில் ஒரு பங்கிலுங் குறைவாகும். கொழுப்புப் பொருளாலாய இரு படைகளும், அவற்றிடையே பதிந்த புரதங்களும் அதன் கூறுகளாம். ஒட்சிசன், காபனீரொட்சைட்டு ஆகிய வாயுக்கள் கொழுப்புப் படையினூடாகத் தாமே பரவிச் செல்லும். உப்பின் அயன்களுங் குளுக்கோசும் அவ்வாறு எளிதிற் செல்லா. அவற்றிற்குப் புரதங்களே வாயில்களாய் அமைகின்றன.

இனி, நீரின் போக்கை நோக்குவோம். நீரிலிட்ட முந்திரிகை வற்றல் பருக்கின்றது. உப்பிலிட்ட மாங்காய்த் துண்டு நீர்விட்டுச் சுருங்குகின்றது. இரண்டிற்குங் காரணம் ஒன்றே. கரைபொருட் செறிவு குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்திற்கு நீர் மென்சவ்வினூடே செல்லும். இதுவே பிரசாரணம் எனப்படும். நீர் விரைந்து செல்வதற்கெனத் தனி வாயில்களும் உள. இவற்றுள் முதலாவதை 1992 ஆம் ஆண்டில் இனங்கண்ட பீற்றர் ஆக்ரே 2003 இல் நோபெற் பரிசு பெற்றார். எனினும், வாயில் வழிவிடுமேயன்றி நீரை இழுத்துச் செல்லாது. கரைபொருள் எங்குச் செறிகின்றதோ, அங்கே நீர் அதனைத் தொடரும்.

ஆயின், கரைபொருளைச் செறியச் செய்வது யாது? 1957 இல் தென்மார்க்கு நாட்டு அறிஞர் யென்ஸ் ஸ்கௌ விளக்கிய சோடியப் பம்பியே அது. இப்புரதம் ஒவ்வொரு சுற்றிலும் 3 சோடிய அயன்களை வெளியேற்றி, 2 பொற்றாசிய அயன்களை உள்ளே கொணரும். செறிவின் போக்கிற்கு எதிரான செயலாதலின், கலம் இதற்குச் சத்தியைச் செலவிடுகின்றது. இதனாற் கலத்தினுள்ளே சோடியம் என்றுங் குறைவாகவே இருக்கும். வெளியிலுள்ள சோடியமோ உட்புக முற்பட்டு நிற்கும்.

சிறுகுடற் கலங்களில் இச்சோடியம் புகும் வாயில்களுள் ஒன்று வியத்தகு தன்மையது. சோடியமுங் குளுக்கோசுங் கூடி வந்தாலன்றி அது இடங்கொடாது. இவ்விணைப்பை றொபேட் கிறேன் என்பார் 1960 இல் எடுத்துரைத்தார். இவ்வழியே உட்சென்ற இரண்டும் கலத்தைக் கடந்து குருதியை அடைய, நீரும் அவற்றைப் பின்தொடரும்.

வாந்திபேதிக் கிருமியின் நஞ்சு, குடற்கலங்களிலிருந்து உப்பையும் நீரையும் பெருகி வழியச் செய்கின்றது. ஆனால் மேற்கூறிய கூட்டுவாயிலை அது கெடுப்பதில்லை. பிழைக்கும் வழி இங்கேதான் உளது. 1971 இல் வங்காள அகதிகள் முகாமொன்றில் இந்நோய் பரவியபோது, நாளத்தின் வழியே ஏற்றுஞ் சேலைன் தட்டுப்பட்டது. வைத்தியர் திலீப் மகலனாபிசு உப்புங் குளுக்கோசுங் கலந்த நீரைப் பருகக் கொடுப்பித்தார். ஏறத்தாழ நூற்றுக்கு 30 ஆயிருந்த இறப்பு, 3.6 ஆகக் குறைந்தது.

இங்கு அளவே உயிர்நாடி. உலக சுகாதார நிறுவனம் 2002 இல் வகுத்த முறைப்படி, ஒரு இலீற்றர் நீரிற் குளுக்கோசு 13.5 கிராமும் கறியுப்பு 2.6 கிராமும், அவற்றுடன் பொற்றாசியம் குளோரைட்டு, சித்திரேற்று ஆகியனவும் சேரும். குழந்தை விரும்புமென்று சீனியை மிகுத்தால், குடலிலுள்ள கரைசல் குருதியினுஞ் செறிவுற்று, உடலின் நீரையே குடலுக்குள் இழுக்கும். மருந்தே நோயை வளர்க்கும். உப்பை மிகுத்தலும் தீங்காம். ஆதலின், நம் நாட்டிலே ‘ஜீவனி’ என வழங்கும் பொதியைக் கரைப்போர், அதிற் குறித்த நீரளவிற் கூட்டவோ குறைக்கவோ ஆகாது.

பிரசாரணம் என்பது பரீட்சைக்காக மனனஞ் செய்து மறக்கும் வரைவிலக்கணமன்று. ஒரு தாயின் கையிலுள்ள குவளையினுள்ளும் அவ்விதியே தொழிற்படுகின்றது என்பதை மாணவர் உணர்வாராயின், கற்ற கல்வி பயனுடைத்தாகும்.