பெயர் கேட்காமல் எடுத்த படம்

திருவிழா, உறுதிபூசுதல், திருமண வெள்ளிவிழா என்று நம் பங்குகளில் படம் எடுக்காத நிகழ்ச்சியே இன்று இல்லை. கைப்பேசி வந்த பிறகு நாம் எல்லோரும் புகைப்படக்காரர்கள்தான்! ஆனால், ஒருவரைப் படம் எடுக்கும்போது அவரைச் சந்திக்கிறோமா என்று சற்றே சிந்திப்போம்.

1936-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவில், நிப்போமோ என்ற ஊரில், பட்டாணி பறிக்க வந்த கூலித் தொழிலாளர்கள் பயிர் அழிந்துபோனதால் பசியில் வாடினார்கள். ஒரு மாதப் பயணம் முடித்துக் களைப்போடு வீடு திரும்பிக்கொண்டிருந்த டோரதியா லாங் என்ற பெண்மணி, அங்கே கூடாரத்தில் குழந்தைகளோடு அமர்ந்திருந்த ஒரு தாயைப் படிப்படியாக நெருங்கிச் சில படங்கள் எடுத்தார். அவற்றுள் ஒன்று 'புலம்பெயர்ந்த தாய்' என்று உலகப் புகழ் பெற்றது. செய்தித்தாளில் படங்கள் வந்ததும் அரசு அந்த முகாமுக்கு உணவு அனுப்பியது. நல்லதுதான். ஆனால், உணவு வருமுன் அத்தாயின் குடும்பம் வேறிடம் போய்விட்டது. அவருடைய பெயரைத் தாம் கேட்கவே இல்லை என்று லாங் பின்னாளில் எழுதினார். அவர் புளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்பது 42 ஆண்டுகளுக்குப் பிறகு, 1978-இல்தான் வெளியே தெரிந்தது. தம் பெயரைக்கூடக் கேட்கவில்லையே என்று அப்போது அவர் மனம் வருந்திச் சொன்னார்.

லாங் இரக்கமற்றவர் அல்லர். ஏழு வயதில் இளம்பிள்ளை வாதத்தால் தாக்கப்பட்டு, வாழ்நாள் முழுவதும் காலைச் சாய்த்து நடந்தவர். வறியோரின் துன்பத்தை நாடறியச் செய்தவர். அத்தகையவருக்கே ஒரு பெயர் கேட்க நேரமில்லாமல் போயிற்று.

கனடா நாட்டில் வாழ்ந்த யூசுப் கார்ஷ் வேறு வகையானவர். ஆர்மீனியர், சிறுவயதில் தம் இனத்தார் கொல்லப்படுவதைக் கண்டு அகதியாக வந்தவர். 1941-இல் வின்ஸ்டன் சர்ச்சிலின் வாயிலிருந்து சுருட்டைப் பறித்து, அவர் சினந்து முறைத்த நொடியில் எடுத்த படம்தான் இவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. (நாம் அதைப் பின்பற்ற வேண்டியதில்லை!) 1954-இல் பிரான்சு நாட்டின் பழைய துறவு மடம் ஒன்றில் பாப்லோ கசால்ஸ் என்ற இசைக் கலைஞரைப் படமெடுக்கச் சென்றபோது, அவர் வாசித்த இசையில் கார்ஷ் தம் வேலையையே சிறிது நேரம் மறந்துபோனார். பிறகு கசால்சின் முதுகுப்புறத்திலிருந்துதான் படம் எடுத்தார். முகமே தெரியாத அப்படத்தில் அந்த மனிதர் முழுமையாக இருக்கிறார். முதலில் கேட்டார், பிறகுதான் எடுத்தார்.

அத்திமரத்தின் மேல் இருந்த சக்கேயுவை இயேசு அண்ணாந்து பார்த்துப் பெயர் சொல்லி அழைத்ததை லூக்கா எழுதுகிறார். கூட்டம் அவரிடம் பாவியைக் கண்டது. ஆண்டவர் வீட்டுக்கு அழைக்கத்தக்க ஒருவரைக் கண்டார்.

நடைமுறையில் இது கடினமல்ல. கருவியைப் பையிலேயே வைத்துவிட்டு ஐந்து நிமிடம் பேசுங்கள். பாட்டியிடம் 'சிரிங்க' என்று சொல்வதைவிடப் பேரப்பிள்ளைகளைப் பற்றிக் கேட்டால் முகம் தானாக மலரும். சிறுவர் என்றால் முழந்தாளிட்டு அவர்கள் கண்மட்டத்துக்கு இறங்குங்கள். எடுத்த படத்தை உடனே காட்டுங்கள். 'வேண்டாம்' என்றால் விட்டுவிடுங்கள்.

உதவி வழங்கும் நிகழ்ச்சிகளில்தான் இது பெரிதும் தவறுகிறது. அரிசிப் பையை ஒரு கையிலும் வெட்கத்தை முகத்திலும் தாங்கி ஓர் ஏழைத் தாய் நிற்க, கொடுப்பவர்கள் கருவியைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். பிச்சையிடும்போது அம்மனிதரின் கண்களைப் பார்க்கிறீர்களா, கையைத் தொடுகிறீர்களா என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2013-இல் பெந்தகோஸ்து திருவிழிப்பின்போது கேட்டார். அந்த அரிசிக்கு அவருடைய முகம் விலையாக வேண்டுமா? பொருட்களையும், அடுக்கிவைக்கும் இளைஞர்களையும் படமெடுத்தாலே அறிக்கைக்குப் போதும்.

அனுமதியோடு எடுத்த படமானால் ஒரு பிரதி அச்சிட்டு அவர் கையில் கொடுங்கள். நம் ஊர்களில் வயதானவர் ஒருவர் இறந்தால், நினைவு அட்டைக்குப் படம் தேடி, கடைசியில் வாக்காளர் அடையாள அட்டையில் உள்ள மங்கிய முகத்தைத்தான் பெரிதாக்குகிறார்கள்.