மேடையில் ஓர் உறவுக்காரப் பையன்

சித்தூர், திருப்பதி வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும் நாட்களில் பகலில் அரிகதை, இரவில் கூத்து. அரிகதைக்காரர் பாண்டவர் கதையை நடுவில் நிறுத்தி, ஊர் நடப்பை இழுத்துவந்து கூட்டத்தைச் சிரிக்க வைப்பார். தனி ஆளாக நின்று சிரிக்க வைப்பது நமக்குப் புதிதல்ல. ஆனால் அவருக்குத் திரும்பிப் போகப் பாரதம் இருக்கிறது. ஸ்டாண்ட்-அப் கலைஞருக்கு அப்படி எதுவும் இல்லை. தன் கதை எது என்பதை அவர்தான் தேடிப் பிடிக்க வேண்டும். அந்தத் தேடலை அமெரிக்க ஸ்டாண்ட்-அப் கலைஞர் அஜீஸ் அன்சாரியிடம் தெளிவாகப் பார்க்கலாம்.

திருநெல்வேலியிலிருந்து அமெரிக்கா போன தமிழ் முஸ்லிம் பெற்றோருக்கு 1983இல் தென் கரோலினாவில் பிறந்தவர் அவர். முதல் ஒரு மணி நேரத் தனி நிகழ்ச்சி 2010 ஜனவரியில் காமெடி சென்ட்ரல் தொலைக்காட்சியில் வந்தது. உயர்ந்த குரல், வேகமான பேச்சு, ஓயாத நடமாட்டம். கான்யே வெஸ்ட், ஆர். கெல்லி போன்ற பிரபலங்களைப் பற்றிய பேச்சில் நேரம் போகிறது; முடிவில், 'ஃபன்னி பீப்பிள்' படத்தில் அவர் நடித்த ராண்டி என்ற அலட்டல்காரன் மேடை ஏறுகிறான். இதெல்லாம் அன்றைக்கு நன்றாக எடுபட்டது. ஆனால் பிரபலத்தின் புகழ் மங்கினால் அவரைப் பற்றிய நகைச்சுவையும் மங்கிவிடும். அந்த நிகழ்ச்சியில் வாடாதது ஒன்று: ஹாரிஸ் என்ற உறவுக்காரப் பையன். பார்ப்பவருக்கு அவனைத் தெரியாது. ஆனாலும் சீண்டலும் பாசமும் கலந்த அந்த உறவு எல்லார் வீட்டிலும் உண்டு. பிந்தைய அன்சாரி இங்கேதான் தொடங்குகிறார் என்பது என் கணிப்பு.

2019இல் வந்த 'ரைட் நவ்' நிகழ்ச்சியில் அவர் ஸ்டூலில் உட்கார்ந்து தணிந்த குரலில் பேசுகிறார். முந்தைய ஆண்டு ஒரு பெண் அவர்மீது சொன்ன குற்றச்சாட்டின் விளைவே இந்த மாற்றம், கலை வளர்ச்சி அல்ல என்று வாதிடலாம். குரல் தணிந்ததற்கு அது காரணமாக இருக்கலாம். அதைப் பற்றி அவரே அந்த மேடையில் பேசுகிறார். ஆனால் குடும்பத்தின் பக்கம் அவர் திரும்பியது அதற்கு முன்பே. 2015இல் 'மாஸ்டர் ஆஃப் நன்' தொடரில் தன் தாய் தந்தையையே நடிக்க வைத்தார். பெற்றோரைப் பற்றிய அத்தியாயத்தை ஆலன் யாங்குடன் சேர்ந்து எழுதியதற்கு 2016இல் எம்மி விருது கிடைத்தது. பழைய துள்ளல்தான் அதிகம் சிரிக்க வைத்தது என்பவர்களும் உண்டு. சிரிப்பின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அது சரிதான். ஆனால் ராண்டியை ரசிக்க 'ஃபன்னி பீப்பிள்' படம் தெரிந்திருக்க வேண்டும். ஹாரிஸை ரசிக்க ஒரு குடும்பத்தில் வளர்ந்திருந்தாலே போதும்.